டிபன் பாக்ஸில் ஒரு கேம் கன்ட்ரோலர்... விரல் மடங்காத பிள்ளையும் விளையாடலாம்!

குற்றாலத்தில் சாரல் கட்டிய நாளில், தென்காசிப் பக்கம் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் நல்ல துணை. ஆனால், சாதாரண கன்ட்ரோலரை இரண்டு கைகளாலும் பிடித்து, பல விரல்களை ஒரே நேரத்தில் அசைக்க வேண்டும். ஒரு கை செயல்படாத பிள்ளை என்ன செய்யும்?

மைக்ரோசாஃப்ட் 2018-ல் இதற்கென்றே 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை' வெளியிட்டது. முழங்கை, கால், தலை என எந்த உறுப்பு அசைகிறதோ, அதற்கேற்ற சுவிட்சை இதில் சொருகிக்கொள்ளலாம். அறிமுக விலை 99.99 டாலர், சுவிட்சுகளுக்குத் தனிச் செலவு. எல்லா வீட்டுக்கும் இது கட்டுப்படியாகாது.

எளிய வழியும் இருக்கிறது. 2021-ல் 4 டாலருக்கு அறிமுகமான 'ராஸ்பெர்ரி பை பைகோ' என்ற சின்ன சர்க்யூட் போர்டு, சில ஆர்கேட் பட்டன்கள், கொஞ்சம் வயர், ஒரு யூ.எஸ்.பி. கேபிள் போதும்.

எப்படிச் செய்வது?

* பிள்ளையின் கையை ஓர் அட்டைமேல் இயல்பாக வைக்கச் சொல்லி, சிரமமில்லாமல் எட்டும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள்.

* அதே அளவில் பழைய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் மூடியில் 30 மி.மீ. ஓட்டைகள் போட்டு, அந்த அளவு பட்டன்களைப் பொருத்துங்கள்.

* ஒவ்வொரு பட்டனிலும் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்றை போர்டின் 'கிரவுண்ட்' பின்னுடனும், மற்றொன்றைத் தனித்தனி எண் பின்களுடனும் இணையுங்கள். சால்டரிங் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும்.

* 'ஜிபி2040-சிஇ' என்ற இலவச மென்பொருளில் பைகோவுக்கான கோப்பை டவுன்லோடு செய்யுங்கள். போர்டிலுள்ள 'பூட்செல்' பட்டனை அழுத்தியபடியே கணினியில் சொருகினால், பென் டிரைவ் போலத் தெரியும். கோப்பை அதில் காப்பி செய்தால், கணினி அதை கேம்பேடாக ஏற்றுக்கொள்ளும். எந்த பட்டனுக்கு என்ன வேலை என்பதைப் பிறகும் மாற்றலாம்.

சாரல் ஈரம் இணைப்புகளைக் கெடுக்கும் என்பதால், அவற்றை இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள்.

யாரிடம் கேட்கலாம்?

பட்டன் எங்கே இருந்தால் கைக்கு வலிக்காது என்பதை, பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட்டிடம் முதலில் கேளுங்கள். தென்காசி அருகே ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான தெரபி பயிற்சிகள் நடக்கின்றன. 1975-ல் கடற்படைத் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமைப்பு இது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

முதல் பெட்டி சரியாக அமையாவிட்டால் கவலை வேண்டாம்; பட்டனை இடம் மாற்றினால் போதும். அண்ணன் ஆட, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை மட்டுமே பார்த்த தம்பி, இனி அவனோடு போட்டி போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம்!