கடாரத்துக் கோயிலின் கூரை எங்கே?

உலு யாமிலிருந்து மெர்போக் போய்ச் சேர 300 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் உட்கார வேண்டும். அவ்வளவு தூரம் போய், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அது உல்லாசப் பயணம்தான், பாடமாகாது.

அங்கே பிள்ளைகளுக்கு வேலை நிறைய உண்டு. சண்டி புக்கிட் பத்து பகாட் கோயிலை 1960இல் அலஸ்டர் லேம்ப் சீரமைத்தார். கல் தளம் இருக்கிறது, கூரை இல்லை. காரணத்தை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. முன்மண்டபத்தின் தூண் அடிக்கற்களை எண்ணச் சொல்லலாம். கல்மேல் ஏறாமல், இடைவெளியைக் காலடியால் அளந்து கட்டம் போட்ட தாளில் வரையச் சொல்லலாம். தூண்கள் மரம், மரம் மக்கியதும் கூரையும் போயிற்று என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தானே சொல்லிவிடும்.

எல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது என்று பெரியவர்கள் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. சோழர் படை கடாரம் வந்தது 1025இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அருகிலுள்ள சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள். உலைக்குக் காற்று செலுத்திய களிமண் குழாய்கள் அங்கே குவியலாகக் கிடைத்தன.

புறப்படும் முன் பள்ளியிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். பழைய பூச்சட்டியை ஆசிரியர் உடைத்து, மணல் தொட்டியில் புதைத்து, கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரிக்கட்டும். எந்தக் கட்டத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிய பிறகே துண்டை எடுக்க வேண்டும். அவசரக்காரப் பிள்ளை எழுதாமல் எடுத்துவிடும். பிறகு துண்டு கையில் இருக்கும், அதன் கதை இருக்காது.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. சுங்கை பத்து தோட்டத்தின் 11ஆம் எண் சண்டி வீடமைப்புக்காக இடிக்கப்பட்டது 2013இல் வெளியே தெரிந்தது. சட்டப்படி காக்கப்பட்ட இடமாக அது அறிவிக்கப்படவில்லை.

வட சிலாங்கூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. லயங்கள் இடிந்த இடத்தில் உடைந்த பால் மங்கு, தேய்ந்த உளி இன்றும் கிடைக்கலாம். அதை எடுக்கும் முன் இடத்தைக் குறித்துவைத்து, வீட்டில் பாட்டியிடம் காட்டி, எத்தனை மணிக்கு மரம் வெட்டப் போனீர்கள் என்று கேட்டு எழுதலாம். பாட்டி இருக்கும்போதே கேட்க வேண்டும்.