துணி நனைந்ததா?

பிறந்த சிசுவைப் பார்க்க வருகிறவர்கள் அதன் நிறத்தையும் மூக்கையும் தாத்தாவின் ஜாடையையும் ஆராய்வார்களேயன்றி, அனுபவமுள்ள தாதி முதலில் கேட்கும் "குழந்தை ஒண்ணுக்குப் போச்சா?" என்ற கேள்வியை அநேகமாக எவரும் கேட்பதில்லை. பெரும்பாலான சிசுக்கள் முதல் 24 மணி நேரத்திலும், ஏறக்குறைய எல்லாச் சிசுக்களும் 48 மணி நேரத்திலும் சிறுநீர் கழித்துவிடும். அதற்குப் பின்னும் துணி உலர்ந்தே இருக்குமானால், சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததோ என்று சந்தேகிக்க இடமுண்டு.

கர்ப்பவாசத்தில் ரத்தத்தின் கழிவை அகற்றும் பொறுப்பு நச்சுக்கொடியினுடையது. தொப்புள்கொடி அறுபட்ட க்ஷணத்திலிருந்துதான் அந்தப் பாரம் முழுவதும் சிறுநீரகங்களின்மேல் விழுகிறது. அவற்றின் நுண்ணிய வடிகட்டிகள் உருவாகி முடிவதே 34 முதல் 36 வாரத்தில் என்றால், அதற்கு முன் பிறந்துவிட்ட குறைமாதச் சிசுவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பெரும்பாலும் கோளாறு சிறுநீரகத்தில் தோன்றுவதில்லை. பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிராணவாயு குன்றும்போது, மூளையையும் இருதயத்தையும் காக்கவேண்டித் தேகம் ரத்தத்தை அவற்றின் பக்கம் திருப்பிவிட, சிறுநீரகத்தின் பங்கு வெட்டுப்படுகிறது. ரத்தத்தில் கிருமி பரவினாலும் இதே கதிதான். அக்கிருமியை ஒழிக்கக் கொடுக்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்தே சில சமயம் தீங்கு செய்வதும் உண்டு. ஆண் சிசுக்கள் சிலருக்குப் பிறவியிலேயே சிறுநீர்த் தாரையில் ஒரு சவ்வு வழியை மறித்து நிற்கும்.

வீட்டார் கவனிக்கவேண்டிய காரணம் வேறொன்று. தலைப்பிரசவம் கண்ட தாய்க்குப் பால் ஊறத் தாமதித்தோ, சிசு மார்பைச் சரியாகப் பற்றாமலோ, குழந்தை அழுது ஓய்ந்து, பிறகு அழாமலே தூங்கத் தொடங்க, "என்ன சாது!" என்று உறவினர் மெச்சிக்கொண்டிருக்கையில், உள்ளே நீர் வற்றி, ரத்தத்தில் உப்பு ஏறி, எடை பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கும். இதற்குப் பரிகாரம் சர்க்கரைத் தண்ணீரும் அன்று, கழுதைப்பாலும் அன்று; தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுவதும், பால் புகட்டும் முறையைத் திருத்திக்கொள்வதுமே.

ஆஸ்பத்திரியில் தாதி உலர்ந்த துணியை நிறுத்து, நனைந்தபின் மறுபடி நிறுத்து, கூடிய ஒவ்வொரு கிராமையும் ஒரு மில்லியாகக் குறித்துக்கொள்கிறாள். 3 கிலோ சிசு மணிக்கு 3 மில்லிக்கும் குறைவாகக் கழித்தால் வைத்தியருக்குச் சொல்லி அனுப்புகிறாள். ஆனால் துணியை மட்டும் நம்புவதற்கில்லை; சிறுநீரகம் பழுதுற்றும் சிறுநீர் தாராளமாகப் போகிற சிசுக்கள் உண்டு. ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் என்ற கழிவோ, முதல் நாட்களில் தாயின் ரத்தத்திலிருந்து வந்ததையே காட்டும். ஆதலால் ஒரே அளவைக் கண்டு மருளாமல், 48 மணி நேரத்தில் அது டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தியா உட்பட நான்கு நாடுகளின் 24 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தீவிர சிகிச்சை பெற்ற 2,022 சிசுக்களில் 605 பேருக்கு இக்கோளாறு இருந்தது.

நீரையும் உப்பையும் அளந்து கொடுத்து, தீங்கான மருந்தை நிறுத்தினால் பல சிசுக்கள் மீண்டுவிடும். மீளாதவற்றுக்கு வயிற்றினுள் திரவம் செலுத்திக் கழிவை வெளியேற்றும் டயாலிசிஸ் பழகிய வழி. ரத்தத்தையே சுத்தி செய்யலாம் என்றால், 3 கிலோ சிசுவின் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். பெரியவர்களின் யந்திரம் அதற்கு எப்படிப் பொருந்தும்? இத்தாலியில் விசென்சா நகரத்து வைத்தியர் கிளாடியோ ரொன்கோவின் குழுவினர் சிசுக்களுக்கென்றே ஒரு சிறிய யந்திரத்தைச் செய்து, 2013-இல் மூன்று கிலோவுக்கும் குறைந்த குழந்தை ஒன்றைக் காப்பாற்றினார்கள்.

பிழைத்த குழந்தைக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரகப் பலவீனமும் வரக்கூடும் என்பதால், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் இவ்விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பள்ளிப் பருவத்திலும் ஆண்டுதோறும் சோதித்துவர வேண்டும்.