குற்றவாளி புதிய டிஸ்க்தானா?

ஹார்ட் டிஸ்க் மாற்றிய பிறகு லேப்டாப் அடிக்கடி நின்றுபோகிறதா? 'மதர்போர்டு போச்சு' என்ற தீர்ப்பை ஏற்பதற்கு முன் ஒரு விசாரணை நடக்கட்டும்.

டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. ஊர் வேறு, பேசும் மொழி வேறு. புகார் மட்டும் ஒன்றேதான். ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப். சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை தயாராகியிருக்காது. கடைக்காரரின் யோசனைப்படி சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துகிறார்கள். முதல் நாள் மின்னல் வேகம். மூன்றாம் நாள் வேலைக்கு நடுவில் உறைந்து நிற்கிறது. பிறகு நீலத் திரை. அப்புறம் தானாகவே அணைந்து எழுகிறது. மறுபடி கடைக்குப் போனால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். 'ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்' அல்லது 'மதர்போர்டு போயிடுச்சு.'

முதல் பதிலில் கோப்புகள் போகும். இரண்டாவதில் பணம் போகும். பல சமயங்களில் இரண்டுமே தேவையில்லை.

இந்த அறுவைச் சிகிச்சை இந்தியாவில் இவ்வளவு பரவலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழக அரசு 2011ல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. உத்தரப் பிரதேசம் 2013ல் பின்தொடர்ந்தது. அன்று வந்தவை சுழலும் டிஸ்க் கொண்டவை. 2020ல் ஊரடங்கு வந்தபோது அலமாரியில் கிடந்த பழைய இயந்திரங்கள்கூட ஆன்லைன் வகுப்புக்காகத் தூசி தட்டப்பட்டன. புதிது வாங்க முடியாத வீடுகளில் எஸ்.எஸ்.டி.தான் மறுபிறவி. அந்த மறுபிறவி மூன்றே நாளில் முடிந்தால் நஷ்டம் டிஸ்க்கின் விலை மட்டுமல்ல. ஆடிட்டரின் உதவியாளர் போட்டு வைத்த கணக்கும், ஆராய்ச்சி மாணவியின் பாதி எழுதிய கட்டுரையும் அதற்குள்தான் இருக்கின்றன.

சந்தேகம் இயல்பாகப் புதிய டிஸ்க் மீது விழுகிறது. அலுவலகத்தில் பொருள் காணாமல் போனால் நேற்று சேர்ந்த பையனை எல்லோரும் பார்ப்பது போல. ஆனால் அன்று கடை மேஜையில் மாறியது டிஸ்க் மட்டுமா? பின்மூடி திறக்கப்பட்டது. பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டது. நாடா போன்ற மெல்லிய கேபிள் ஒன்று மடக்கி நிமிர்த்தப்பட்டது. பக்கத்திலிருந்த ராம் மீது விரல் பட்டிருக்கலாம். ஃபேனின் ஒயர் சரியாகத் திரும்ப மாட்டப்படாமல் இருக்கலாம். இவ்வளவு சாட்சிகளையும் விட்டுவிட்டு ஒருவரை மட்டும் தண்டிப்பது நியாயமில்லை.

விசாரணையின் முதல் கட்டத்துக்குச் செலவு ஒரு பென் டிரைவ். அதில் உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் வசதி அதில் உண்டு. புதிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை இப்படியே இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். சினிமா பாருங்கள், பத்துப் பக்கங்களைத் திறந்து வையுங்கள். டிஸ்க்கே இல்லாத நிலையிலும் நின்றுபோனால் டிஸ்க் நிரபராதி. பிரச்னை ராமில், சூட்டில் அல்லது போர்டில். தடையின்றி ஓடினால் சந்தேக வட்டம் டிஸ்க், கேபிள், விண்டோஸ் என்று சுருங்குகிறது. 'மதர்போர்டு' என்ற வார்த்தையைச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கடைக்காரரிடம் கேட்கலாம். கேட்கவே வேண்டும்.

ராம் மீது சந்தேகம் என்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டால் போதும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராமைக் கழற்றி, சுத்தமாகத் துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டி, மறுபடி சோதிக்க வேண்டும்.

கேபிள் விஷயம் சற்று சுவாரஸ்யமானது. பலர் அறியாத சங்கதி, டிஸ்க்குகள் தங்களைப் பற்றித் தாங்களே நாட்குறிப்பு எழுதுகின்றன. 'ஸ்மார்ட்' என்று அதற்குப் பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். பெரும்பாலான சாட்டா டிஸ்க்குகளில் சி7 என்ற வரிசை இருக்கும். சில மென்பொருட்கள் இதையே 199 என்று காட்டும். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே போகும் தகவல் வழியில் சிதைந்தால் இந்த எண் ஏறும். இன்று குறித்து வைத்து, இரண்டு நாள் உபயோகித்த பின் மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளும் இணைப்பும்தான். இந்த எண் ஒருபோதும் இறங்காது. எனவே பழைய எண்ணைக் காட்டி டிஸ்க்கைக் குறை சொல்வது செல்லாது. இதற்குப் பக்கத்திலேயே 05, சி5 என்ற வரிசைகள் உண்டு. சுழலும் டிஸ்க்கில் அவை ஏறினால் தட்டே கெடுகிறது என்று அர்த்தம். கேபிள் இல்லாமல் நேரடியாகப் போர்டில் செருகும் என்.வி.எம்.இ. வகையில் இந்த சி7 கிடையாது.

இன்னொரு விஷயம் தடிமன். பழைய லேப்டாப்களில் டிஸ்க்குக்கான இடம் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர். இன்றைய எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் சட்டம் பெட்டியிலேயே வந்தாலும் பல கடைகளில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. ஸ்க்ரூவும் போடாமல் விட்டால் டிஸ்க் உள்ளே ஆடும். மேஜையில் ஒழுங்காக ஓடி, மடியில் தூக்கி வைத்ததும் நின்றுபோகும் லேப்டாப்பில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தரப்பில் இரண்டு வில்லங்கங்கள். ஒன்று, சாகக் கிடந்த பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே நகல் எடுப்பது. கெட்டுப்போன கோப்புகளும் சேர்ந்தே குடியேறும். மற்றொன்று, சர்வீஸின்போது பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடுவது. டிஸ்க்கைக் கையாளும் முறை மாறினால் 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகத்துடன் நீலத் திரை வரும். பழைய முறைக்கு மாற்றினாலே சரியாகும் இதற்காக ஃபார்மட் செய்யப்பட்ட இயந்திரங்கள் ஏராளம்.

ஈவன்ட் வியூவரில் பதிவாகும் எண்களும் சாட்சிகளே. 129, 153 என்பவை டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று காட்டுபவை. 41 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் பேட்டரியையும் சார்ஜரையும் மாற்றுகிறார்கள். 'முறைப்படி அணைக்கப்படாமல் நின்றது' என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. அது நமக்கே தெரியும்.

புதிய டிஸ்க் எப்போதும் அப்பாவி என்பதல்ல. க்ரூஷியல் நிறுவனத்தின் எம்4 எஸ்.எஸ்.டி. 5,184 மணி நேரம் ஓடிய பிறகு மணிக்கொரு முறை நின்றது. 2012 ஜனவரியில் நிறுவனம் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்ட பிறகே தீர்ந்தது. 2019ல் ஹெச்.பி.இ. நிறுவனமும் சர்வர்களுக்கான சில எஸ்.எஸ்.டி.க்கள் 32,768 மணி நேரத்தில் செத்துவிடும் என்று எச்சரிக்க நேர்ந்தது. எனவே தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் உண்டா என்று பார்ப்பது நல்லது. நம்ப முடியாத விலைக்கு வாங்கிய டிஸ்க் என்றால் எழுதப்பட்ட கொள்ளளவு உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் போலியைக் காட்டிக்கொடுக்கும். காலி டிஸ்க்கில்தான் இந்தச் சோதனை உருப்படியாக நடக்கும்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் கவனிக்க ஒன்று உண்டு. விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் கை வைத்ததும் அது அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அப்போது தெரியவில்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் உதவ முடியாது.

பழைய டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். யு.எஸ்.பி. உறை ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழையதை அழிக்காமல் அப்படியே வைத்திருப்பது நல்லது. 'எக்ஸ்சேஞ்சில் இருநூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்' என்று கடைக்காரர் சொன்னாலும்.