அக்கரைக் குடித்தனம் – 9: தனியே திரும்பும் தகப்பன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். இவ்வாரம் என் சொந்த வீட்டு விஷயத்தையே எழுத நேர்கிறது. விடுமுறை முடிந்து, மனைவியையும் மக்களையும் ஊரில் விட்டுவிட்டு, மறுபடியும் சவூதி அரேபியாவின் தம்மாம் நகருக்கு வேலைக்குத் திரும்பியிருக்கிறேன்.

நாஞ்சில் நாட்டார் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலேயே விமானம் ஏறுவதால், பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து புறப்படுகிற ஒருவனுக்குத் தக்கலை, மார்த்தாண்டம் கடந்து, களியக்காவிளையில் எல்லையைத் தாண்டி, நெய்யாற்றின்கரை வழியாகச் செல்லும் அந்தச் சாலைப் பிரயாணமே பிரிவின் முதற் பாகமாகிவிடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தென் திருவிதாங்கூரைச் சேர்ந்த நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணையும் வரையில், எங்கள் பாட்டன்மார் சர்க்கார் காரியங்களுக்காக இதே சாலையில் திருவனந்தபுரம் போய், காரியம் முடிந்ததும் வீடு திரும்பினார்கள். முந்தைய வருஷங்களில் நாங்கள் நால்வரும் ஒருமித்து இவ்வழியே போனபோது, மக்கள் இருவரும் பின்னிருக்கையில் தங்கள் அம்மையின் மடியில் சாய்ந்து தூங்க, பெட்டிகளில் ஏத்தங்காய் உப்பேரியும் முந்திரிக்கொத்தும் சக்கை வற்றலும் நிறைந்திருக்க, ஊரைப் பிரிகிறோமே என்ற வருத்தம் எனக்கு இருந்ததே தவிர, வீட்டைப் பிரிகிறோம் என்ற எண்ணம் சிறிதும் எழுந்ததில்லை.

வளைகுடா வாழ்க்கையைப் பற்றி நம் ஜில்லாவில் பேசுகிறவர்கள் சம்பாத்தியத்தைச் சொல்வார்கள், அல்லது தனிமையைச் சொல்வார்கள். அங்கே குடும்பங்கள் குடும்பங்களாகவே வாழ்ந்தன என்பதும், அந்த வாழ்க்கைக்கு அதற்கே உரிய அழகும் ஒழுங்கும் இருந்தன என்பதும் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. 1938-இல் தஹ்ரானின் ஏழாம் கிணறு எண்ணெயைத் தாராளமாகச் சொரியத் தொடங்கிய பின்னர் பெருகி வளர்ந்த கீழ்க்கரைப் பட்டணம் தம்மாம். அங்கே நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மாடிப்படியில் ஏறும்போதே கொல்லத்தார் வீட்டு மீன்கறியும், ஹைதராபாத்தார் வீட்டுப் பிரியாணியும், எங்கள் வீட்டு மரச்சீனிக் கிழங்கும் தனித்தனியே மணக்கும். பாங்கொலி கேட்டுக் கடைகள் கதவடைக்கும் வேளையில், வாசலில் பொறுமையோடு காத்து நிற்கும் பழக்கம் என் மக்களுக்குத் தானே படிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அல்கோபாருக்குத் தெற்கேயுள்ள அரைநிலாக் கடற்கரைக்குப் போவோம். சில வேளைகளில், 1986-இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைக் கடந்து பஹ்ரைனைச் சென்றடையும் பாலத்தை மக்களுக்குக் காட்டுவேன். மகள் நடை பழகியதும், மகன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதும் அந்த ஊரில்தான்.

2014-க்குப் பின் எண்ணெய் விலை சரிந்து அரசின் வருமானம் குன்றியபோது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளுள் ஒன்றாக, 2017 ஜூலை முதல், அயல்நாட்டுத் தொழிலாளியைச் சார்ந்து அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது வருஷந்தோறும் நூறு நூறாக உயர்ந்து 2020-இல் 400 ரியாலை எட்டும் என்றும் அறிவித்தார்கள். இக்காமா என்னும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது வருஷத் தொகை முழுவதையும் முன்கூட்டியே செலுத்த வேண்டியிருந்தது. மனைவியும் இரண்டு மக்களும் உடனிருக்கும் நடுத்தரச் சம்பளக்காரனுக்கு இரண்டாம் வருஷத்திலேயே 7,200 ரியால், அதாவது நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். மூன்றாம் வருஷத்தை நினைத்துப் பார்த்தவர்கள் குடும்பத்துக்கு ஃபைனல் எக்ஸிட் என்னும் இறுதி வெளியேற்ற அனுமதி வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, நாலைந்து ஆண்கள் கூடி வாழும் அறைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். நானும் அவ்வாறே செய்தேன். ஒழுங்குற அமைந்திருந்த குடித்தனத்தின் சாமான்களைப் பாதி விலைக்கு விற்ற நாட்களைப் பற்றி விரித்தெழுத எனக்கு இன்னும் மனவலிமை வரவில்லை.

எனினும், குடும்பத்தோடு கூடி வாழும் சௌபாக்கியம் சில வருஷங்களாவது வாய்த்தவர்கள் நாங்கள். குளச்சல், தூத்தூர்க் கடற்கரைகளிலிருந்து வளைகுடாப் படகுகளில் மீன்பிடிக்கப் போகிற சகோதரர்களுக்குக் குடும்ப விசா என்பது ஒருநாளும் கைக்கெட்டிய பொருளன்று. கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கித் தவித்த மீனவர்கள் பலரை ஏற்றிக்கொண்டு ஜலஸ்வா என்ற கடற்படைக் கப்பல் 2020 ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடியை அடைந்தபோது, அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் இந்தக் கரையில்தான் காத்திருந்தார்கள்.

என் மக்களை ஊர் திரும்பியவர்கள் என்று உறவினர் சொல்கிறார்கள். உண்மையில் அவர்கள் நாஞ்சில் நாட்டில் புதிதாகக் குடியேறியவர்கள். தம்மாமின் இந்தியப் பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும் பயின்றவர்களுக்கு, வெள்ளிக்கிழமைக் காலைகளில் தங்கள் அம்மையிடம் கற்ற தமிழே மூலதனம். 2006-ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அது நியாயமான சட்டம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் பேச்சில் பிழையின்றி உரையாடுகிற குழந்தை, எழுத்தில் தன் வகுப்பைவிட மூன்று வகுப்புகள் பின்தங்கி நிற்கிறது. “அப்பா, செய்யுள் மட்டும் மனசுல நிக்கமாட்டேங்கு” என்று மகள் போனில் சொன்னாள். “பாட்டாகிட்ட ஒருக்கா வாசிச்சுக் காட்டச் சொல்லு, மக்களே” என்பதற்கு மேல் இங்கிருந்து நான் என்ன சொல்ல முடியும்? அவளுக்காவது பாட்டா இருக்கிறார். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை.

ஆகையால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களை ஒன்று வேண்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து நடுவகுப்பில் வந்து சேரும் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறையில் ஒரு மாதமாவது தனித் தமிழ் வகுப்பு நடத்துங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நம் ஜில்லாவில் ஏராளமாக இருக்கிறார்கள்; அழைத்தால் வருவார்கள். அதற்காகும் செலவை அக்கரையிலிருக்கும் தகப்பன்மாராகிய நாங்கள் மனமுவந்து ஏற்போம்.