இயற்கையும் இசையும்: சுனில் சாந்த காட்டிய வழி

இயற்கையின் அழகைப் புலப்படுத்தப் புலவனுக்குச் சொல் உண்டு. ஓவியனுக்கு வண்ணம் உண்டு. இசைஞனுக்கோ ஒலியொன்றே கருவி. கண்ணாற் கண்ட மலையையும் பொய்கையையும் நிலவையும் அவன் செவிக்கு விருந்தாக்குவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண்பதற்குரிய குறிப்பொன்று தொல்காப்பியத்திலேயே உளது. திணைகளுக்குரிய கருப்பொருள்களை வகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றுடன் பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார் தொல்காப்பியர். ஒரு நிலத்துக்கு அதற்கே உரிய மரமும் பறவையும் இருத்தல்போல, அதற்கே உரிய இசையும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்து ஏட்டளவில் நிற்பதன்று. சென்ற நூற்றாண்டில் நம் நாட்டிலேயே இதனை நடத்திக் காட்டிய சிங்கள இசையமைப்பாளர் சுனில் சாந்த ஆவார். 1915 இல் ஜா-எலப் பகுதியிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஆசிரியத்தொழில் புரிந்த அவர், இசைக்கல்வியை நாடி இந்தியா சென்றார். சாந்திநிகேதனத்திற் பயின்றபின், பிற்காலத்திற் பாத்கண்டே கல்லூரி எனப் பெயர்பெற்ற இலக்னோ இசைக் கல்லூரியிற் சித்தாரும் வயலினும் கற்றுத் தேர்ந்தார். 1946 இல், முப்பதை ஒட்டிய வயதில், கொழும்பு வானொலியில் அவர் பாடிய 'ஓலு பிபிலா' என்னும் பாட்டு நாடெங்கும் பரவிற்று.

குளத்தில் ஆம்பல் மலர்தலே அப்பாட்டின் பொருள். தொடர்ந்து வந்த பாட்டுகளில் நிலவொளியும், குயிலும், காட்டுப் புதர்களில் விளையும் சிறுகனிகளும் இடம்பெற்றன. ஆயினும் ஈண்டு நாம் கருதவேண்டுவது பாட்டின் பொருளையன்று, மெட்டின் அமைதியையே. வடநாட்டு இராகங்களை முறையாகக் கற்ற அவர், அவற்றின் நீண்ட ஆலாபனையைத் தம் பாட்டில் ஏற்றினாரல்லர். சிங்களச் சொல்லின் ஓசைக்கு இயைந்த சிறு சிறு தொடர்களால், சிறுவரும் பாடத்தக்க எளிய மெட்டுகளைப் புனைந்தார். மேனாட்டிசையின் சாயலையும் வேண்டுமிடத்துத் தழுவிக்கொண்டார். தூய சிங்களத்தைப் போற்றிய குமாரதுங்க முனிதாசரின் ஹெல இயக்கம் இவ்வழியில் அவருக்குப் பற்றுக்கோடாயிற்று. நீரின் சலசலப்பைக் கருவியாற் போலச்செய்தல் மட்டும் இயற்கையிசை ஆகிவிடாது. அந்நீர்க்கரையில் வாழ்வோர் பேசும் மொழியின் நடை மெட்டில் அமையும்போதே நிலம் பாட்டினுள் புகுகின்றது. இதனையே அவர் பாட்டுகள் உணர்த்துகின்றன.

ஜெர்மானிய இசைமேதை மெண்டெல்ஸோனின் அனுபவமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1829 இல், தம் இருபதாம் வயதில், ஸ்கொத்லாந்தின் மேலைத் தீவுக் கடலைக் கண்ட அவர், உள்ளத்தெழுந்த முதலடிகளை உடனே கடிதமொன்றில் எழுதி வீட்டுக்கு விடுத்தார். ஆனால் அவ்விசை முற்றுப்பெற்று 1832 இல் இலண்டனில் அரங்கேற மூன்றாண்டுகள் சென்றன. அதன் நடுப்பகுதியிற் கடலின் வாடையினும் இசையிலக்கணத்தின் வாடையே மிகுந்துவிட்டதென்று அவரே குறைகண்டு திருத்தினார். காட்சி நொடியில் வருவது. அதற்கேற்ற வடிவமோ நெடிய உழைப்பால் வருவது.

கற்ற இலக்கணம் பெரிதா, பிறந்த நிலம் பெரிதா என்னும் போராட்டம் சுனில் சாந்தவின் வாழ்விலும் நேர்ந்தது. 1952 இல் இலங்கை வானொலிக் கலைஞரைத் தேர்ந்து தரப்படுத்துதற்கு இலக்னோக் கல்லூரித் தலைவர் இரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். தாம் பயின்ற கல்லூரியின் தலைவரே வந்தபோதும், சிங்களப் பாட்டை வடநாட்டு இராக முறையால் அளத்தல் தகாதென்று கருதி அத்தேர்வுக்குச் செல்ல மறுத்தார் சுனில் சாந்த. அதனாற் பல்லாண்டுகள் வானொலியையும் வருவாயையும் இழந்தார். அத்தேர்வில் உயர்ந்த இடம் பெற்ற அமரதேவ இராக மரபின் துணைகொண்டே சிங்கள இசைக்குப் பெருமை தேடினார் என்பதையும் மறத்தலாகாது. வழி ஒன்றன்று. எனினும், கற்றதைத் தம் மண்ணுக்கேற்ப மாற்ற முனைந்தவரின் துணிவு வணங்கத்தக்கது.

தமிழராகிய நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களின் ஒலியில் உள்ளம் தோய்ந்தார். அவ்வொலியை நீரரமகளிரின் பாட்டாகக் கற்பனை செய்து, 1947 இல் வெளிவந்த தமது யாழ்நூலில் அமைத்தார். அடிகள் தொடங்கிவைத்த அத்தேடலை நாம் எத்துணை தூரம் கொண்டுசென்றோம்? நம் மாணவர் காவிரிக்கரையில் விளைந்த கீர்த்தனைகளைச் செவ்வனே பயில்கின்றனர். அஃது இன்றியமையாதது. ஆனால் வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலைதோறும் உலாவும் மாணவனுக்கு நெய்தல் என்பது தேர்வுக்குரிய சொல்லாக மட்டும் நின்றுவிடுமாயின், அவன் கற்ற கல்வி நிறைவுடையதாகாது. இலக்கணத்தை ஐயமறக் கற்று, பின்னர்த் தம் கடலையும் பனந்தோப்பையும் வாவியையும் செவிசாய்த்துக் கேட்கும் இளைஞர் நம்மிடையே தோன்றுதல் வேண்டும். அவர் தோன்றுங்கால், அவர் இசை பழகிய இசைபோல் இல்லையென்று நாம் புறக்கணியாதிருத்தலும் வேண்டும்.