துடுப்பும் முதுகும்

கயாக் என்னும் ஒடுங்கிய படகில் கால் நீட்டி உட்கார்ந்து, இருமுனையிலும் அலகுள்ள துடுப்பைச் சில மணி நேரம் வலித்துவிட்டுக் கரையேறுகிறவர்களில் பலர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நிற்பதைக் காணும்போது, இவ்வளவு நல்ல தேகப்பயிற்சி எங்கே பிசகிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

பிசகு பெரும்பாலும் உட்காரும் விதத்தில்தான் இருக்கிறது. கால் நீட்டி அமர்ந்தால் தொடையின் பின்புறத் தசைகள் இறுகி இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்க, அடிமுதுகின் இயற்கையான உள்வளைவு மறைந்து, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நெருக்குண்ணுகின்றன. இந்த நிலையில் சாய்மானத்தில் சாய்ந்து, கைகளின் பலத்தால் மட்டுமே படகை நகர்த்த முற்படுகிறவர், பிரயாசை முழுவதையும் முதுகின் தலையில் கட்டிவிடுகிறார்.

கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்கள், கடலில் மிதந்துவந்த மரத்தால் சட்டம் கோத்துக் கடல்நாய்த் தோல் போர்த்திய தங்கள் கயாக்கை, அவரவர் சரீர அளவுக்கே செய்துகொண்டார்கள். விரித்த கைகளின் நீளத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு அதன் நீளம், இடுப்போடு இரண்டு கைமுட்டி சேர்ந்தது அதன் அகலம். கடையில் ஒரே அளவில் வாங்கும் படகையும் உடலுக்கேற்பத் திருத்திக்கொள்ளாமல் நீரில் இறங்குவது உசிதமல்ல.

முதலில் கவனிக்க வேண்டியது பாதந்தாங்கி. பாதத்தின் முன்பகுதி அதில் அழுந்தி, முழங்கால் சற்றே மடிந்து வெளிப்புறமாக விரிந்து, தொடை மேல்தட்டின் அடியைத் தொடும்படி அதை நகர்த்தி வைத்தால், தசையிறுக்கம் தளர்ந்து இடுப்பு நிமிர்கிறது. சாய்மானம் இடுப்புவாருக்குக் கீழே நின்று, நிமிர்ந்திருப்பவரைத் தொட்டால் போதும்.

அப்புறம் துடுப்பு. வலப்புறம் வலிக்கும்போது, வலத்தோள் முன்னே வந்து மார்பு இடப்புறம் திரும்பிய நிலையில், பாதத்தருகே அலகை முழுதும் நீரில் இறக்கி, வலக்காலால் பாதந்தாங்கியை மிதித்தபடியே மார்பைத் திருப்பி இழுக்கவேண்டும். கை அநேகமாக நீண்டே இருக்கும். அடிமுதுகின் எலும்புகள் திரும்பும் சக்தி மிகக் கொஞ்சம் என்பதால், காலின் மிதிப்பினால் இடுப்பும் சற்றே கூடத் திரும்புவது மிக அவசியம். இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அலகு இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிடவேண்டும். அதற்கப்பாலும் இழுத்தால் படகு திசை மாறும், முதுகும் வீணாக முறுக்குண்ணும்.

நெடும்பயணத்தில் அவ்வப்போது கரையேறி நடப்பதும், கனத்த படகை ஒருவரே குனிந்து தூக்காமல் இருவராகத் தூக்குவதும் நல்லது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, துடுப்பை வைத்துவிட்டு வைத்தியரைப் பார்க்கவேண்டும்.