லாட்டும் பாடும்

ஆங்கிலத்தில் ‘லாட்’ என்று ஒரு சின்னச் சொல். குலுக்கி எடுக்கும் சீட்டும் லாட், அளந்து பிரித்த மனையும் லாட், ஏலத்துக்குக் கூறு கட்டிய சரக்கும் லாட், தலையெழுத்தும் லாட். லாட்டரிகூட அதன் உறவுதான். குலுக்கிப் போடும் மரத்துண்டுக்கு இருந்த பழைய பெயர், பங்குக்கும் விதிக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடினால் அகராதி பங்கு, மனை, விதி என்று சிதறும். பழவேற்காடு ஏரிக்கரையில் சிதறாது. அங்கே அது பாடு.

ஓதத்தோடு ஏறி இறங்கும் இறாலுக்காக முகத்துவாரத்தை ஒட்டி, ஓட்டத்துக்குக் குறுக்கே கழி ஊன்றி வலை கட்டுவார்கள். எல்லா இடத்திலும் ஒரேபோல் விழாது. நல்ல இடத்துக்கு அடிபிடி வரும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பத்துக்காரர்கள் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, இடத்தையும் நாளையும் முறைவைத்துக்கொண்டார்கள். வலை கட்டும் இடம் பாடு: வடக்குப் பாடு, ஓடைப் பாடு. அந்த முறையும் பாடு. வலையில் விழுந்தால் மீன்பாடு. விழாவிட்டால் அவரவர் பாடு!

கடல் தாண்டியும் இந்தச் சொல் வாழ்கிறது. இலங்கையில் கரைவலை இழுக்கும் இடம் பாடு. பூநகரிப் பக்கம் வலைப்பாடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை இடங்களுக்குச் சீட்டுப் போடும் வழக்கம் 1958இல் அரசு விதியாகவே ஏறியது. நம் பக்கம் இன்னும் ஊர்க்கட்டுப்பாடுதான் (அதிலும் ஒரு பாடு).

இந்த உரிமை பட்டினவர் என்ற மீனவச் சாதிக்கு மட்டும்தானா, ஏரியை நம்பியிருக்கும் இருளர் போன்ற மற்றவர்களுக்கு இல்லையா என்ற கேள்வியும் இருக்கிறது. இருக்கட்டும். எனக்குக் கவலை முகத்துவாரம் பற்றித்தான்.

மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் அதை அறுத்துத் திறக்கும். பிறகு கடல் மணலைத் தள்ளி மூடும். மூடிவிட்டால் ஓதம் ஏறாது, இறால் குஞ்சு உள்ளே வராது. சீட்டில் முதல் இடமே விழுந்தாலும் சும்மா கிடக்கும் தண்ணீரில்தான் வலை கட்ட வேண்டும். மணல் அடையாமல் தடுக்க நேர்கல் சுவர் வேண்டும் என்று மீனவர்கள் நெடுங்காலம் கேட்டார்கள். சுவர் இருந்தால் வாய் திறந்திருக்கும், சரி. ஆனால் நீரோட்டம் இடம் மாறும். இத்தனை தலைமுறையாக நல்ல பாடு, மட்டப் பாடு என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். அதை யார் உட்கார்ந்து போடுவது என்று இப்போதே ஊர்க்கூட்டத்தில் பேசிவைப்பது நல்லது.